வீட்ல தெரியாம வாங்கின சைக்கிள எங்க வைக்கிறது?

கேள்வி பதில் பகுதி. பதில் சொல்றது உங்க சைக்கிள் அக்கா

போன இதழ்ல முதல் ரோட் பைக் (மெலிசு டயர், வளைஞ்ச ஹேண்டில் வச்ச சைக்கிள்) வாங்குறது எப்படின்னு ஒருத்தர் கேட்டதுக்கு பக்கம் பக்கமா பதில் எழுதிட்டு கடைசில சும்மா "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க"ன்னு ஒரு வரி சேர்த்திருந்தேன். அவ்ளோதான், இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல அந்த ஒரு வரியப் பத்திதான். டயர் சைஸ் என்ன, கியர் ஏன் சத்தம் போடுதுன்னு கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க. பேர் போடாதீங்கன்னு ரொம்ப பேர் கெஞ்சியிருக்காங்க, அதனால ஊர் மட்டும்.

அக்கா, என்கிட்ட கருப்பு கலர்ல ஒரு ஹைப்ரிட் சைக்கிள் இருக்கு. இப்போ அதே கருப்புல ஒரு ரோட் பைக் எடுத்துட்டேன், ஒரே கலர்னா வீட்ல கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு ரைடு குரூப்ல சொன்னாங்க. இப்போதைக்கு திருவான்மியூர்ல ஃப்ரெண்ட் ஃபிளாட் பால்கனில நிக்குது. எப்படி வீட்டுக்கு கொண்டு வர்றது? (வேளச்சேரி)

அந்த குரூப்ல உங்களுக்கு ஐடியா குடுத்தவருக்கு கல்யாணம் ஆகிடுச்சான்னு மொதல்ல விசாரிங்க தம்பி. ஹைப்ரிட்டுக்கு ஹேண்டில் நேரா ஒரு கம்பி, ரோட் பைக்குக்கு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சு கீழ போகும், இதுல கருப்பு என்ன பச்சை என்ன. காலைல பால் பாக்கெட் அரை லிட்டர் கம்மியா வந்தா படியிலயே நிறுத்தி கேக்குறவங்க இதை விட்டுடுவாங்கன்னு நினைக்கிறீங்களா.

அத விடுங்க, நீங்க ஸ்ட்ராவால, அதான் ஓட்டின ரைட பதிவு பண்ற ஆப்ல, இருக்கீங்களா? கண்டிப்பா இருப்பீங்க. அதுல புது சைக்கிள கியர் லிஸ்ட்ல சேர்த்திருந்தீங்கன்னா ஒவ்வொரு ரைடுக்கு கீழயும் எந்த சைக்கிள்னு பேரோட காட்டும். உங்க மச்சினன் உங்களை ஃபாலோ பண்றாரான்னு இப்பவே பாருங்க, நான் வெயிட் பண்றேன்.

இப்போ பால்கனி விஷயம், எனக்கு உண்மையிலேயே பதறுது. திருவான்மியூர்னா கடல் காத்து, உப்பு, செயின்ல எண்ணெய் போட்டு துடைக்க ஆள் இல்லன்னா சீக்கிரமே செம்பட்டை கலர் பூக்க ஆரம்பிச்சிடும். டியூப்லெஸ் டயரா இருந்தா உள்ள ஊத்தின சீலன்ட் நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு தோல் தோலா ஒட்டிக்கும், அப்புறம் ஒரு ஆணி குத்தினா அடைக்காது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்னா இன்னும் மோசம், இடம் பத்தலன்னு ஃப்ரெண்ட் வீல கழட்டி ஓரமா சாத்தி வச்சிருப்பாரு, அவர் பையன் விளையாட்டா பிரேக்க பிடிச்சு பிடிச்சு பாப்பான், பேட் ரெண்டும் நெருங்கி ஒட்டிக்கிட்டு அப்புறம் வீல் உள்ள போகவே போகாது, மெக்கானிக் கிட்ட போய் நெம்பி விரிக்கணும்.

எல்லாத்துக்கும் மேல பில். வீட்ல மாட்டிக்கக் கூடாதுன்னு பில்ல கடைலயே கிழிச்சுப் போட்டுட்டு வர்ற ஆளுங்களை எனக்குத் தெரியும். சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது, அது உங்களோடதுன்னு சொல்ல பில்லும் ஃபிரேம் நம்பரும்தான் கைல இருக்கும். பெடல் சுத்துற அச்சு இருக்குல்ல, அந்த இடத்துல வண்டிய தலைகீழா கவுத்துப் பாத்தா பெரும்பாலும் அடில நம்பர் அடிச்சிருக்கும், ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நாளைக்கு பால்கனில இருந்து காணாம போச்சுன்னா ஸ்டேஷன்ல அந்த நம்பரத்தான் கேப்பாங்க, யார் வீட்ல இருந்துச்சு, ஏன் அங்க இருந்துச்சுன்னும் கேப்பாங்க.

எப்படி கொண்டு வர்றதுன்னு கேட்டீங்க. சனிக்கிழமை சாயங்காலம், லைட் போட்டு, வாசல் வழியா. நடு ராத்திரி லிஃப்ட்ல கொண்டு போனீங்கன்னா வாட்ச்மேன் மறுநாள் காலைல "சார் புது சைக்கிளா"ன்னு உங்க மனைவி கிட்டதான் கேப்பாரு.

மேடம், என் வீட்டுக்காரர் கிட்ட ரெண்டு சைக்கிள் இருக்கு. இப்போ மூணாவது வந்திருக்கு. ப்ரெவேங்கற லாங் ரைடுக்கு தனி சைக்கிள்தான் வேணும், அது ரூல்லயே இருக்குன்னு சொல்றார். விலை 22 ஆயிரமாம். ரெண்டும் நிஜமா? (அண்ணா நகர்)

சகோதரி, இந்த ஒரு கேள்விக்காக இந்த பகுதியவே உங்களுக்கு எழுதிக் குடுக்கலாம். சைக்கிள்கார அண்ணன் தம்பிங்க எல்லாம் கொஞ்சம் பக்கத்த புரட்டிட்டு போயிடுங்க, இது உங்களுக்கு இல்ல.

ரூல் அப்படி எதுவும் இல்ல. ப்ரெவேங்கறது பாரிஸ்ல இருக்கற ஒரு சைக்கிள் கிளப்போட விதிப்படி உலகம் பூரா நடக்குற தூர ஓட்டம், ரேஸ் கிடையாது, நேரத்துக்குள்ள முடிச்சா போதும். 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற பாரிஸ் ப்ரெஸ்ட் பாரிஸ் 1200 கிலோமீட்டர், அதுக்கு அதிகபட்சம் 90 மணி நேரம். மனுஷ பலத்துல மட்டும் ஓடுற வண்டியா இருக்கணும், ராத்திரிக்கு முன்னாடி பின்னாடி லைட் இருக்கணும், வெளிச்சம் பட்டா மின்னுற ஜாக்கெட் போட்டிருக்கணும். கியரே இல்லாத வண்டில 200 முடிச்சவங்க இருக்காங்க. சொகுசா ஒரு சைக்கிள் இருந்தா முதுகு வலி கம்மி, அது உண்மை, ஆனா அது ரூல் இல்ல, ஆசை.

விலைக்கு வருவோம். சைக்கிள் பின் சக்கரத்துக்கிட்ட கீழ தொங்குற சின்ன இயந்திரம் ஒண்ணு இருக்கும், செயின் அதுக்குள்ள வளைஞ்சு போகும், கியர் மாத்துறது அதுதான். அது மேல என்ன பேர் இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஷிமானோ கம்பெனியோடதா இருந்தா கீழ இருந்து மேல இப்படி போகும்: கிளாரிஸ், சோரா, டியாக்ரா, அப்புறம் வெறும் 105-ன்னு நம்பர், அதுக்கு மேல அல்டெக்ரா, உச்சத்துல டியூரா ஏஸ். பேர அவர் டேப் ஒட்டி மறைச்சிருந்தா (ஒட்டுவாங்க, நான் பாத்திருக்கேன்) பின் சக்கரத்துல இருக்கற பல் சக்கரத்த எண்ணுங்க, பெரும்பாலும் 8 இருந்தா கிளாரிஸ், 9 சோரா, 10 டியாக்ரா, 11 இல்ல 12 இருந்தா 105-ல இருந்து மேல எதுவா வேணா இருக்கலாம். வயரே இல்லாம, எங்கயோ ஒரு பேட்டரிய ராத்திரி சார்ஜ் போடுறாருன்னா அது பட்டன் அமுக்கினா கியர் மாறுற எலக்ட்ரானிக் செட், அப்போ நீங்க உக்காந்துட்டு பேசுறது நல்லது.

புதுசா வாங்கினதுன்னா கிளாரிஸ் போட்ட ரோட் பைக்கே 22 ஆயிரத்துக்கு வர்றது கஷ்டம். அதுக்கு மேல எது இருந்தாலும் அவர் சொன்ன நம்பர்ல ஒரு பூஜ்யம் எங்கயோ விழுந்திருக்கு. முழுசா இறக்குமதி ஆன சைக்கிள்னா சுங்க வரி வேற தனி, 2023 பட்ஜெட்ல அத 30-ல இருந்து 35 சதவீதம் ஆக்கினாங்க.

செகண்ட் ஹேண்ட்னு சொன்னாருன்னா டயர் நடுவுல பாருங்க. ரப்பர் மேல முடி மாதிரி குட்டி குட்டியா நீட்டிக்கிட்டு இருந்தா அது ரோட்டப் பாக்காத புது டயர்.

ஜிஎஸ்டி குறைச்சதால மிச்சம் பண்ணேன்னு வீட்ல சொல்லலாமா? (சேலம்)

2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கு 12 சதவீதம் 5 ஆச்சு, உண்மைதான். வரியோட 1,12,000 ஆன வண்டி 1,05,000 ஆகும். ஏழாயிரம் மிச்சம் பண்ண ஒரு லட்சத்து அஞ்சாயிரம் செலவு பண்ணேன்னு சொல்லிப் பாருங்க, என்ன ஆச்சுன்னு எனக்கும் எழுதுங்க.

மொத்தமா பணம் எடுத்தா ஜாயின்ட் அக்கவுண்ட்ல தெரிஞ்சிடும்னு என் கிரெடிட் கார்டுல 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டேன். இது சேஃப் தானே? (ஓசூர்)

ஒரே தடவை மாட்ட வேண்டிய நீங்க 12 தடவை மாட்டுற மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. மாசா மாசம் ஸ்டேட்மென்ட் வரும், மெசேஜ் வரும், அதுல ஒரு மாசம் உங்க போன் சார்ஜ்ல கிடக்கும்போது அவங்க கைல இருக்கும். நோ காஸ்ட்னு பேருதான், வட்டிய கடைக்காரர் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுக் குடுக்குறாரு, பேங்க் உங்க கிட்ட வட்டி போட்டுத்தான் வாங்கும், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீஸ் தனி. ஒளிச்சு வைக்கிறதுக்கு நீங்க கட்டுற வாடகை அது.

ஏனுங்க அக்கா, பெரிய சிக்கலுங்க. ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு ரோட் பைக் வாங்கி வீட்டுல 14 ஆயிரம்னு சொல்லிப் போட்டேனுங்க. ஒரு வருஷம் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. இப்ப எங்க வீட்டுக்காரியோட அக்கா பையன் காலேஜ் சேர்றான், பஸ் சரியில்ல, ஒரு சைக்கிள் இருந்தா நல்லாருக்கும்னு அவங்க போன்ல பேச, எங்க வீட்டுல "இவர் சைக்கிள் சும்மாதான் நிக்குது, எடுத்துட்டுப் போகட்டும், நாங்க வேற வாங்கிக்கறோம்"னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறாங்களாமுங்க. என்ன பண்றதுங்க? (கோயம்புத்தூர், சரவணம்பட்டி)

உங்க மனைவி எவ்ளோ நல்ல மனசுக்காரங்கன்னு கவனிச்சீங்களாங்க. நீங்க சொன்ன விலைய அவங்க நம்பினாங்க, நம்பினதால தாராளமா குடுத்துட்டாங்க. தப்பு அவங்க பக்கம் ஒரு துளி கூட இல்ல.

விலைய குறைச்சு சொல்றவங்களுக்கு இது ஏதாவது ஒரு ரூபத்துல வந்தே தீரும். பதினாலாயிரம் ரூபாய் சைக்கிள்னா வீட்ல பதினாலாயிரம் ரூபாய் மரியாதைதான் குடுப்பாங்க, பையனோட ஈர யூனிஃபார்ம் அதோட பார்ல காயும், ஸ்டாண்ட் இல்லாததால தொளசி மாடத்துல சாஞ்சு நிக்கும், வாசல் தெளிக்கிற பைப்ல அதுக்கும் சேர்த்து ஒரு குளியல் நடக்கும், பேரிங்குக்குள்ள தண்ணி போறது அவங்களுக்கு எப்படி தெரியும், நீங்க பல்லக் கடிச்சுக்கிட்டு பாத்துக்கிட்டு நிக்கணும், வாய தொறக்க முடியாது.

இப்போ உங்களுக்கு என்னென்ன தோணியிருக்கும்னு எனக்குத் தெரியும். பையன் உசரத்துக்கு ஃபிரேம் ரொம்ப பெருசு, 56 சைஸ்னு சொல்லலாமா? பெடல்ல அதுக்குன்னே இருக்கற ஷூ போட்டாத்தான் மாட்டும்னு சொல்லலாமா? கேரியர் இல்ல, ஸ்டாண்ட் இல்ல, புக் பை எங்க வைப்பான், மட்கார்டு இல்ல, மழைல முதுகு பூரா சேறு, டயர் மெலிசு, வாரா வாரம் காத்து அடிக்கணும், சாதா பம்ப் வாய்ல மாட்டாது. எல்லாமே உண்மைதானுங்க. ஆனா பையன் உசரமா இருப்பான், பெடல மாத்த ஸ்பேனர் ஒண்ணு போதும், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சித்தப்பா"ன்னு சிரிச்சுட்டு ஏறி உக்காந்து போயிடுவான். ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ரூபாய் வண்டி காலேஜ் ஸ்டாண்ட்ல நூறு ரூபா பூட்டுல நிக்கும்.

அதனால ஞாயித்துக்கிழமை வரைக்கும் இழுக்காம இன்னிக்கு ராத்திரியே சொல்லுங்க. நம்பர முழுசா சொல்லணும், அது முக்கியம். இன்னிக்கு அறுபதுன்னு சொல்லி, பூகம்பம் அடங்கினதும் அடுத்த வாரம் மிச்சத்த சொல்லலாம்னு ரொம்ப பேர் பண்றாங்க, ரெண்டாவது தடவைதான் வீடு ரெண்டாகும். ஃப்ரெண்ட்து, நான் சும்மா ஓட்டுறேன்னு புதுசா ஒரு கதை வேண்டாம், அந்த ஃப்ரெண்ட் வீட்டம்மாவும் உங்க வீட்டம்மாவும் கோயில்ல பாத்துப்பாங்க.

அப்புறம் அவங்க அக்கா கிட்ட வாக்கு குடுத்திருக்காங்க, அது உங்க சைக்கிள விட பெரிய விஷயம், அவங்க பொறந்த வீட்டு மானம். சனிக்கிழமையே ரெண்டு பேருமா அந்தப் பையனை கடைக்கு கூட்டிட்டுப் போய் கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு, பெல் எல்லாம் வச்ச நல்ல உள்ளூர் வண்டியா, ஹீரோவோ ஹெர்குலிஸோ பிஎஸ்ஏவோ, அவன் கேக்குற கலர்ல புதுசா எடுத்துக் குடுங்க. பணம் உங்களோடது, பில்ல நீட்டி சாவிய கைல குடுக்கறது உங்க மனைவி. பழசு குடுக்கறதா சொன்ன சித்தி புதுசே வாங்கிக் குடுத்தாங்கன்னு அவங்க வீட்ல பேசிக்கட்டும். அந்த பத்து பதினஞ்சாயிரத்துக்கு பேர் அபராதமுங்க, முகம் சுளிக்காம கட்டுங்க.

அடுத்த ஆறு மாசத்துக்கு தண்ணி பாட்டில் மாட்டுற ஒரு கேஜ் கூட வாங்காதீங்க.

அதிகபட்சம் எத்தனை சைக்கிள் வச்சுக்கலாம் அக்கா? (ஈரோடு)

சைக்கிள்காரங்க மத்தியில ஒரு பழைய கணக்கு உண்டு, இப்போ உங்ககிட்ட எத்தனை இருக்கோ அதோட ஒண்ணு கூட்டிக்கணும்னு. அதே கணக்கோட ரெண்டாவது பாதிய யாரும் சொல்ல மாட்டாங்க: எத்தனையாவது சைக்கிளுக்கு வீட்ல பெட்டியக் கட்டுவாங்களோ அதுல ஒண்ணு கழிச்சுக்கணும். அந்த ரெண்டாவது நம்பர் வீட்டுக்கு வீடு மாறும், உங்க வீட்டு நம்பர் உங்க மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா, எனக்கு வயசு 66, ரிட்டயர்ட் ஆசாமி. பழைய சைக்கிள்களை வாங்கி சரி பண்றது பொழுதுபோக்கு. சிம்மக்கல் பக்கம் பழைய இரும்புக் கடைல ஒரு ராலே கம்பெனி சைக்கிள் கிடைச்சது, கம்பி பிரேக், தோல் சீட்டோட. இது நாலாவது வண்டி. மொட்டை மாடில தண்ணி டேங்குக்கு அடில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். பங்குனி வந்தா என் சம்சாரம் வத்தல் போட மாடி ஏறுவாங்க. (மதுரை)

சார், மத்தவங்க எல்லாம் விலைய மறைக்கிறாங்க, நீங்க குப்பைய மறைக்கிறீங்க, உங்க கேஸ் வேற. உங்க வீட்டம்மாவுக்கு காசு ஒரு பிரச்சினையா இருக்காது, காயலாங்கடைல இருந்து இன்னொரு துருப்பிடிச்ச சாமான் வீட்டுக்குள்ள வருதுங்கறதுதான் இருக்கும்.

மொதல்ல அத வெளிச்சத்துல எடுத்து வச்சு ஒரு விஷயம் பாருங்க, எனக்காக. பின் சக்கரத்து ஹப்ல (சக்கரத்து நடு உருளைல) ஸ்டர்மி ஆர்ச்சர்னு எழுத்து இருக்கான்னு மண்ணெண்ணெய் துணில துடைச்சுப் பாருங்க. மூணு கியர் உள்ளுக்குள்ளயே இருக்கற அந்த ஹப்ல பெரும்பாலும் செஞ்ச வருஷத்தையே நம்பரா அடிச்சிருப்பாங்க, 52, 58-ன்னு, சிலதுல மாசமும் இருக்கும். ஹேண்டிலுக்கு கீழ முன்னாடி இருக்கற பேட்ஜ்ல நாரை தலை தெரியுதான்னு பாருங்க, ராலே அடையாளம் அது. ஆனா இங்கிலாந்து நாட்டிங்காம்ல செஞ்சதுதான்னு அவசரப்பட்டு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வங்காளத்துல ஆசன்சோல்ல சென் ராலே ஃபேக்டரில செஞ்ச வண்டிங்களும் நம்ம ஊர்ல நிறைய ஓடிச்சு. அதுவும் ஒண்ணும் மட்டம் இல்ல. தோல் சீட் புரூக்ஸ் கம்பெனியோடதா இருந்தா தயவு செஞ்சு தேங்கா எண்ணெய ஊத்தி ஊற வைக்காதீங்க, தோல் தொளதொளன்னு தொங்கிடும். ரிம்ல, ஹேண்டில்ல குரோம் துருவுக்கு அலுமினியம் ஃபாயில கசக்கி தண்ணில நனைச்சு தேச்சா போதும், பளபளன்னு வரும். ஃபாயில் மட்டும் கிச்சன்ல இருந்து எடுக்காம சொந்தமா ஒரு ரோல் வாங்கிக்கோங்க, சப்பாத்தி கட்டுற ஃபாயில் எப்படி இவ்ளோ வேகமா தீருதுன்னு விசாரணை அங்க இருந்துதான் ஆரம்பிக்கும்.

டேங்க் அடி வேண்டாம் சார், சொட்டு சொட்டா ஒழுகி கீழ் பக்கம் அரிச்சிடும். நாலுல ஒண்ணக் குடுத்துட்டு இத எறக்குங்க. எதக் குடுக்கறதுன்னு அவங்களையே காட்டச் சொல்லுங்க, எப்படியும் ஒண்ணு மேல அவங்களுக்கு பல வருஷ கோவம் இருக்கும். பங்குனிக்கு முன்னாடி தார்ப்பாய துவைச்சு மடிச்சுக் குடுத்துடுங்க, அது அனேகமா அவங்க வத்தல் போடுற தார்ப்பாய்தான்.

அக்கா, எல்லாரும் மனைவிக்கு தெரியாம வாங்குறாங்க, நான் வீட்டுக்கே தெரியாம வாங்கியிருக்கேன். ஸ்கூல் டீச்சர், வயசு 41, சொந்த சம்பளத்துல வாங்கின லேடீஸ் சைக்கிள். ஸ்கூல் ஷெட்லயே வச்சு சாயங்காலம் கிரவுண்ட்ல ஓட்டிட்டு பஸ்ல வீட்டுக்கு வர்றேன். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார், மாமியார் "இந்த வயசுல என்ன சைக்கிள்"னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அவங்களுக்கு சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். (திருச்சி)

அறந்தாங்கி பக்கமா! புதுக்கோட்டை மாவட்டத்துக்காரங்க கிட்ட போய் சைக்கிளுக்கு பயப்படுறீங்களே. 90-கள் ஆரம்பத்துல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்போ எழுத்து படிப்போட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் சொல்லிக் குடுத்தாங்க, அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்கு முழு மூச்சா நின்னாங்க. கல் குவாரில வேலை பாத்தவங்க, வயக்காட்டுக்கு போனவங்க, நர்ஸ், அங்கன்வாடி டீச்சர்னு ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க. ஊர்ல லேடீஸ் சைக்கிள் ஸ்டாக் தீந்து போய் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கி ஓட்டினாங்க. சில பேர் அதுதான் வசதின்னே சொன்னாங்க, முன்னாடி இருக்கற பார்ல குழந்தைய உக்கார வச்சுக்கலாம்ல. ஆம்பளைங்க கிண்டல் பண்ணாங்கதான், நிக்கல.

உங்க மாமியாருக்கு இப்போ என்ன வயசு, 65-லேர்ந்து 70-க்குள்ள இருக்கும்னு வைங்க, அப்போ முப்பத்தி சொச்சம். அவங்களே ஓட்டினவங்களா இருக்கலாம், ஓட்ட ஆசைப்பட்டு விடாம போனவங்களாவும் இருக்கலாம். ரெண்டுல எதுன்னு இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சும்மா கேளுங்க, உங்க சைக்கிளப் பத்தி பேச்சே எடுக்காம. ஓட்டினவங்கன்னா மறுநாளே வண்டிய வீட்டுக்கு கொண்டு வந்துடுங்க, பெடல் சத்தத்த வச்சே செயின் லூஸுன்னு சொல்லுவாங்க பாருங்க. விடாம போனவங்கன்னா ஒரு வாரம் கழிச்சு கொண்டு வாங்க, அதுக்குள்ள அந்த பழைய கதைய நாலு தடவை சொல்ல விடுங்க, யார் விடலன்னு பேரோட வரும், பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

புடவைல ஓட்டுறதா இருந்தா பின் சக்கரத்துக்கு சாரி கார்டு போட்டே ஆகணும், செயினுக்கு முழு கவர். கடைல பாதி கவர் போட்டுத்தான் குடுத்திருப்பாங்க, மாத்தித் தரச் சொல்லுங்க. சீட்ட உக்காந்தா ரெண்டு பாதமும் தரைல முழுசா படுற உசரத்துக்கு இப்போதைக்கு இறக்கி வைங்க, பழகினதும் ஒரு விரல் ஒரு விரலா ஏத்திக்கலாம்.